தபால் தம்பிப்பிள்ளையின் மூன்று கட்டங்கள்

இந்தப் பதிவு ஒரு சித்திரக்கதையைப் பற்றியது. பழைய பத்திரிகைகளில் நாளுக்கு மூன்று கட்டம் என்று வந்துகொண்டிருந்ததே, அந்த மாதிரிக் கதை. நடக்கும் ஆண்டு 1962. இடம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகள். துப்பறிபவர் ஒரு தபால்காரர், பெயர் தம்பிப்பிள்ளை. காக்கிச் சட்டை, தோளில் தபால் பை, ஒரு பழைய றலி சைக்கிள், அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை. கதை எழுதியதும் படம் கீறியதும் நான். நகல் எடுத்தது சந்தியில் உள்ள போட்டோக்கொப்பிக் கடை. வெளியிட்டது எங்கள் ஊர் வாசிகசாலையின் சுவர்.

முதற் கதை முடிந்துவிட்டது. எப்படிச் செய்தாய் என்று பலர் கேட்டார்கள். தாங்களும் ஒன்று கீற நினைப்பவர்கள் சிலர் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசையை ஊட்டியவர் என் தாய்மாமன். அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய முத்து காமிக்ஸ் இருந்தது. சிவகாசியில் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய புத்தகங்கள் அவை. இந்திய இதழ்களின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. எப்படியோ ஒன்றிரண்டு கொழும்புக்கு வந்துவிடும். அங்கிருந்து யாராவது ரயிலில் கொண்டுவருவார்கள். ஒரு புத்தகம் வந்தால் அது ஒழுங்கைக்கே சொந்தம். அட்டை போய், ஓரம் மடிந்து, கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்த பிறகுதான் எங்கள் முறை வரும். கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதையை வாசித்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். முடிவை மாமா வாயால் சொல்லுவார்.

எல்லோரும் மாயாவிக்காக அடித்துக்கொள்ளும்போது மாமா மட்டும் ரிப் கிர்பியை எடுத்து வைத்துக்கொள்வார். கண்ணாடி போட்ட, சுங்கான் புகைக்கிற, ஆறுதலாகப் பேசுகிற துப்பறிவாளர். கூடவே டெஸ்மண்ட், முன்னாள் திருடன், இந்நாள் வேலையாள். இந்தக் கதை அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கியது 1946 மார்ச் 4ஆம் திகதி. கீறியவர் அலெக்ஸ் ரேமண்ட். 'பிளாஷ் கார்டன்' மூலம் உலகப் புகழ் பெற்று, பிறகு இரண்டாம் உலகப் போரில் கடற்படைத் துருப்பில் சேர்ந்து, திரும்பி வந்து கையில் எடுத்த வேலை இது. கிர்பியும் அதே துருப்பிலிருந்து வீடு திரும்பியவர்தான்.

அதற்கு முன்பும் பத்திரிகைகளில் துப்பறிவாளர்கள் இருந்தார்கள். செஸ்டர் கூல்டின் டிக் டிரேசி 1931இல் வந்துவிட்டார். சதுரத் தாடையும் கைத்துப்பாக்கியுமாக நிற்கிற பொலிஸ்காரர். 1934இல் வந்த 'சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9'க்கு வசனம் எழுதியவர் டாஷியல் ஹாமெட். அவர் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையாகவே வேலை பார்த்த மனிதர். அதற்கும் படம் ரேமண்ட்தான். தமிழில் காரிகன் என்று நாம் வாசித்தவர் அந்த எக்ஸ்-9இன் பிந்திய வடிவம். இவர்களிலிருந்து கிர்பி எங்கே வேறுபடுகிறார் என்றால், அவர் அடிப்பதைவிடக் கேட்பது அதிகம். ஒருவர் பேசும்போது கிர்பி கதிரையில் சாய்ந்து இருப்பார். அந்தக் கட்டத்தில் ஒன்றுமே நடக்காது. ஆனால் பேசுபவருடைய கை எங்கே இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது என்பதை ரேமண்ட் கீறி வைத்திருப்பார். 1956இல் கார் விபத்தில் ரேமண்ட் இறந்தபோது வயது 46. பிறகு ஜோன் பிரெண்டிஸ் எடுத்து நடத்தி, 1999 வரை அந்தக் கதை பத்திரிகையில் ஓடியது.

சின்ன வயதில் எனக்கு ஒரு சந்தேகம். கிர்பி கதைகளில் ஒவ்வொரு மூன்று கட்டத்துக்கும் ஒருமுறை, கொஞ்சம் முன்பு சொன்னதையே யாராவது திருப்பிச் சொல்லுவார்கள். மாமாவிடம் கேட்டேன்.

"அது ஒரு நாள் பேப்பர்ல வந்த துண்டு மருமகன். நேத்து பேப்பர் வாங்காதவனுக்கும் விளங்கவேணுமே" என்றார்.

அன்றிலிருந்து புத்தகத்தில் அந்தத் தையலைத் தேடத் தொடங்கினேன். திங்கள் எங்கே முடிகிறது, செவ்வாய் எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போடுவேன். ஒரு நாளின் முதற் கட்டம் நேற்றைய நிலையை நினைவூட்டும். இரண்டாவது கதையை ஓர் அடி நகர்த்தும். மூன்றாவது நாளைக்கு உங்களை இழுக்கும். இந்த மூன்றுக்குள் வாரம் ஆறு நாள், மாதக்கணக்கில் ஒரு வழக்கை நடத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறதென்றால் அதற்கும் இதே இழுவைதான் காரணம்.

எங்கள் நாட்டிலும் இந்த மரபு உண்டு. 1951இல் 'லங்காதீப' பத்திரிகையில் ஜி.எஸ். பெர்னாண்டோ கீறிய 'நீலா'வைத் தொடர்ந்து சிங்களத்தில் சித்திரக்கதை பெரிய அலையாக எழுந்தது. தமிழில் சிவஞானசுந்தரம் என்கிற 'சிரித்திரன்' சுந்தர், தினகரனில் 'சவாரித் தம்பர்' கீறினார். 1963இல் 'சிரித்திரன்' இதழையும் தொடங்கினார். சவாரித் தம்பரைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. அது துப்பறியும் கதை இல்லை, பகிடிக் கதை. ஆனால் மாட்டுச் சவாரி, வேலி, படலை என்று யாழ்ப்பாணத்தைத் தவிர வேறெங்கும் நடக்க முடியாத கதை. அப்படியானால் வாவியைத் தவிர வேறெங்கும் நடக்க முடியாத துப்பறியும் கதை ஒன்றும் இருக்கலாம்தானே?

மாமாவுக்குக் கிர்பியிடம் ஒரேயொரு குறை இருந்தது. "இவன் கண்டுபிடிக்கிறதை நம்மளால கண்டுபிடிக்கேலாது" என்பார். நியூயோர்க்கின் மதுச்சாலை, கார் இலக்கம், நாடகக் கொட்டகையின் பின்வாசல் இவற்றை வைத்து அவர் முடிச்சு அவிழ்க்கும்போது நாங்கள் வேடிக்கை மட்டும்தான் பார்க்கலாம். என் சித்திரக்கதையின் ஒரே சட்டம் மாமாவின் இந்தக் குறையிலிருந்து வந்தது. ஒவ்வொரு தடயமும் வாவிக்கரை ஆள் ஒருவருக்கு ஏற்கனவே தெரிந்த விஷயமாக இருக்கவேண்டும். தம்பிப்பிள்ளை கண்டுபிடிப்பதற்கு ஒரு நாள் முந்தியே வாசகர் கண்டுபிடிக்க வழி இருக்கவேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தபால்காரரைத் தேர்ந்ததும் இதனால்தான். பொலிஸ்காரர் வந்தால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். தபால்காரர் வந்தால் வாங்கில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்கும். யாருக்கு எங்கிருந்து காசுக்கட்டளை வருகிறது, யார் கையெழுத்து எப்படிச் சரியும், யாருடைய பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து சம்பந்தம் வருகிறது என்பது அவருக்குத் தெரியும். பாதையில் ஏறி அக்கரைக்கும் போவார். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவைப் படகு. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் போனவர்களுக்கு அது பழக்கம். மண்முனைத் துறையிலும் 2014இல் பாலம் திறக்கும்வரை பாதைதான் ஓடியது.

கதைச் சுருக்கம் இதுதான். அக்கரை வயற்காணி ஒன்றின் உறுதிப் பத்திரம், பதிவுத் தபாலில் வருகிறது. அதைக் கொண்டுபோன தோணி காணாமற் போகிறது. தோணிக்காரர் மண்டையில் அடிபட்டு மண்முனைத் துறையில் நினைவில்லாமல் கிடக்கிறார். உறுதி கிடைக்காவிட்டால் காணி, போடியார் என்று நாங்கள் சொல்லுகிற பெரிய வயற்சொந்தக்காரர் ஒருவரின் கைக்குப் போய்விடும். சந்தேகம் முழுக்கப் போடியார் மேல். ஆனால் செய்தவர் அவருடைய கணக்கப்பிள்ளை கந்தப்பர். கதை முடிந்துவிட்டதால் பெயரை இங்கே சொல்லலாம்.

முதற் தடயம் ஒன்பதாம் நாள் வருகிறது. முதற் கட்டத்தில் தம்பிப்பிள்ளை சைக்கிளை வேலியில் சாத்துகிறார். இரண்டாவதில் கந்தப்பர் பேசுகிறார்: "விடிய துறையில நிண்டு அக்கரையப் பாத்த நான். வெயில் கண்ணுக்க குத்தினதால தோணியில ஆரெண்டு தெரியல்ல." மூன்றாவது கட்டத்தில் தம்பிப்பிள்ளையின் முகம் மட்டும், வசனம் இல்லை. ரேமண்டிடம் படித்த மௌனம் அது.

நகல் எடுக்கக் கொண்டுபோக முன் அக்காவின் மகள் மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். பத்து வயது.

"மாமா, இவர் பொய் சொல்றார்."

"எப்பிடிச் சொல்றாய் மகள்?"

"விடிய வெயில் முதுகுலதானே அடிக்கும். துறையில நிண்டா கண்ணுல அடிக்கிறது பின்னேரம்."

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாக இருப்பது படுவான்கரை. எழுவான்கரைத் துறையில் நின்று அக்கரையைப் பார்ப்பவன் மேற்கே பார்க்கிறான். காலை வெயில் அவன் கண்ணில் படவே படாது. கந்தப்பர் தோணியைப் பார்த்தது மாலையில், தோணிக்காரர் அடிபட்ட அதே நேரத்தில். மருமகள் இதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துறையால்தான் தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அன்று எனக்கு இந்தக் கதை ஓடும் என்று நம்பிக்கை வந்தது.

இரண்டாவது தடயம் காற்று. தோணியைப் பிறகு படுவான்கரையில், கிண்ணை மரங்களுக்குள் கண்டெடுக்கிறார்கள். கட்டு அவிழ்ந்து தானாக மிதந்து போயிருக்கும் என்பது ஊரின் முடிவு. ஆனால் கதை நடப்பது ஆடி மாதம். ஆற்றுவாய் மண்மூடிக் கிடக்கிற காலம். மாரியில் மழை வெள்ளம் வந்து முகத்துவாரத்து மணல்மேடு உடையும், அல்லது வெள்ளம் வயலுக்குள் ஏறாமல் நாங்களே வெட்டிவிடுவோம். அப்போதுதான் வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும். ஆடியில் ஓட்டமே இல்லை. தோணியைத் தள்ள இருப்பது காற்று மட்டும். கச்சான் மேற்கிலிருந்து வருகிறது. மேற்கிலிருந்து வருகிற காற்று தோணியை மேற்குக்கு எப்படிக் கொண்டுபோகும்? யாரோ துடுப்புப் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இதைச் சுவரில் ஒட்டிய அன்று மீன்பிடிக்கிற பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, கச்சான் எண்டாலும் பின்னேரம் கடற்காத்து எழும்பினா தோணி அக்கரைக்குத்தானே போகும்? உங்கட தபால்காரர் அதை யோசிக்கல்லியா?" என்று கேட்டார். எவ்வளவு அருமையான கேள்வி. நானும் அவரும் திண்ணையில் இருந்து அதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். கடற்காற்று இருட்டியதும் நின்றுவிடும் என்பதும், இரவில் தரைக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கித்தான் வீசும் என்பதும் அவர் சொல்லி எனக்கு உறுதியானது. அடுத்த நாள் துண்டில் தம்பிப்பிள்ளையிடம் அதே கேள்வியை ஒரு கிழவர் கேட்கிறார். இருட்டும்வரை தோணி துறையிலேயே கட்டிக் கிடந்ததை விளக்கேற்ற வந்த பெண் பார்த்திருக்கிறாள் என்று தபால்காரர் பதில் சொல்கிறார். அதற்குப் பக்கத்தில் அவளுடைய குப்பிவிளக்கின் புகை கிழக்கே சாய்வதைக் கீறினேன். சரித்திரக் கதை கீறுபவருக்கு ஆவணம் இருக்கலாம், எனக்கு இந்தப் பெரியவர் இருந்தார்.

மூன்றாவது தடயம் தில்லை மரம். வாவியோரச் சதுப்பில் வளர்வது. கிளையை வெட்டினால் பால் வடியும், கண்ணில் பட்டால் எரிந்து வீங்கிப் பார்வை கொஞ்ச நாளைக்கு மங்கிவிடும். விறகு வெட்டப் போகிற பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் முதலில் சொல்லிக்கொடுக்கிற எச்சரிக்கை அது. தோணியை மறைக்க அவசரத்தில் இருட்டில் கிளை வெட்டுகிறவன் எந்த மரம் என்று பார்த்தா வெட்டுவான்? இரண்டு நாள் கழித்துக் கந்தப்பருக்கு ஒரு பதிவுத் தபால் வருகிறது. கையெழுத்து வைக்கச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினால் அவருக்குக் கோடு தெரியவில்லை. கண் வீங்கியிருக்கிறது. எழுத்து கோட்டைவிட்டு இறங்கி ஓடுகிறது. அந்தச் சரிந்த கையெழுத்தை ஒரு முழுக் கட்டத்தில் பெரிதாகக் கீறினேன். பெருவிரல், பேனா முனை, கோட்டுக்குக் கீழே விழுந்த 'க'. அடுத்த நாள் காலை வாசிகசாலையில் அந்தத் தாளின் அடியில் யாரோ பென்சிலால் "தில்லை" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் "ஓம்" என்று இருந்தது.

இது நியாயமாக நடக்கவேண்டுமானால் தில்லை மரம் முன்பே படத்தில் இருந்திருக்கவேண்டும். தோணியைக் கண்டெடுக்கிற நாளில் கிண்ணை மரங்களை வேர்கள் சேற்றிலிருந்து முளைபோல நிமிர்ந்து நிற்கும்படி கீறி, பக்கத்தில் வெட்டுப்பட்ட இன்னொரு மரத்தில் ஒரு சொட்டுப் பாலையும் கீறினேன். கறுப்பு அடிமரத்தில் தாளின் வெள்ளையை விட்ட ஒரு புள்ளிதான். மாமா இருந்திருந்தால் அந்தப் புள்ளியைத்தான் முதலில் தொட்டுக் காட்டியிருப்பார்.

பாடும் மீன் எங்கே என்று நிறையப் பேர் கேட்டார்கள். நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. மட்டக்களப்பு என்றாலே பாடும் மீன் என்றாகிவிட்டது. அந்த மர்மத்தை ஏற்கனவே ஒருவர் விசாரித்துமிருக்கிறார். 1848இல் இங்கே வந்த எமர்சன் டென்னன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, இரவில் தோணியில் போய், வாவிக்குள்ளிருந்து எழும் அந்தப் பாட்டொலியைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. தோணிப் பலகையில் காதை வைத்தால் ஒலி கூடுகிறதா என்று பார்த்தார். இடம் மாறினால் ஒலி குறைகிறதா, திரும்பி வந்தால் மறுபடி கேட்கிறதா என்று தோணியை விட்டுப் பார்த்தார். ஒலி அடியிலிருந்து, பல இடங்களிலிருந்து, பல சிறு உயிர்களிடமிருந்து வருகிறது என்று முடிவுக்கு வந்தார். மீனவர்கள் கைகாட்டியது ஊரி என்கிற நத்தையை. அவர்கள் எடுத்துக் கொடுத்த ஊரிகளையும் வாங்கி ஆராய்ந்தார். நூறு வருடம் கழித்து, 1950களில், லாங் என்ற யேசுசபைப் பாதிரியார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவே செய்தார். கிர்பிக்குக் கொஞ்சமும் குறையாத விசாரணைகள் இரண்டும். ஒரு நாள் டென்னன்டின் அந்த இரவை மட்டும் தனிக் கதையாகக் கீற ஆசை. தம்பிப்பிள்ளையின் வழக்குக்குள் அதை அலங்காரமாகத் தொங்கவிட எனக்கு மனமில்லை.

இனிக் கீறும் வேலை. கதை வசனம் எல்லாம் சீஆர் கொப்பியில். படம் ஏ3 தாளில், கடைசி அளவின் இரண்டு மடங்காக. போட்டோக்கொப்பியில் அது பாதியாகச் சுருங்கும்போது கைநடுக்கமும் சுருங்கிவிடும். பழைய பத்திரிகை ஓவியர்களும் பெரிதாகக் கீறித்தான் சுருக்கினார்கள். பென்சில் நிழல் போட்டால் கொப்பி இயந்திரம் அதை அழுக்காக்கிவிடும். ஆகவே கறுப்பு அல்லது வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. தொட்டு எழுதும் பேனா முகத்துக்கு, தூரிகை இருட்டுக்கு.

ரேமண்டின் படத்தில் கறுப்பு எங்கே விழுகிறது என்று தாளை எட்டத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு ஒன்றும் தெரியாத தூரத்திலும் கறுப்புத் திட்டுகள் கண்ணை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கூட்டிச் செல்லும். சன்னல் மறைப்புகளின் நிழல் வரிவரியாகச் சுவரில் விழுவது அந்தக் காலத் துப்பறியும் படங்களின் அடையாளம். நமது வீட்டுச் சன்னலில் அது ஏது? நான் அதைக் கல்லடிப் பாலத்தில் கண்டேன். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், லேடி மானிங் பெயரில் உள்ளது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகும் அது நிற்கிறது. பின்னேரம் நாலு மணிக்கு அதன் சட்டங்கள் நடுவே சைக்கிளில் வருகிற ஒருவர் மேல் குறுக்கும் நெடுக்குமாக நிழல் விழுந்து விழுந்து விலகும். தம்பிப்பிள்ளை யோசிக்கிற கட்டங்கள் எல்லாவற்றையும் அங்கே வைத்தேன். முகத்தில் ஒரு கறுப்புப் பட்டை, ஒரு வெள்ளைப் பட்டை. வசனமே வேண்டியதில்லை.

தண்ணீரைக் கீறுவது எல்லோருக்கும் பயம். அலையை எண்ணிக் கீறத் தொடங்கினால் முடிவே இல்லை. வாவி கடலில்லை. காற்று விழுந்த நேரம் அது பளிங்காகக் கிடக்கும். தாளை அப்படியே வெள்ளையாக விடுங்கள். கரை மரத்தின் கறுப்பைக் கீழே தலைகீழாக இறக்கி, அதை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் கிடைக்கோடாக வெட்டுங்கள். அவ்வளவில் தண்ணீர் வந்துவிடும்.

எழுத்துத்தான் பெரிய சிக்கல். தமிழ்ச் சொல் நீளம், மேலே விசிறி, கீழே சுழி. வரிக்கு வரி இடம் விடாவிட்டால் மேல் வரியின் 'து' வந்து கீழ் வரியின் 'கி'யை இடிக்கும். ஆகவே முதலில் எழுத்து, பிறகுதான் படம். வசனத்தைப் பேச்சுத்தமிழில் வைத்தது ஊர்ப்பற்றால் மட்டுமல்ல, இடத்துக்காகவும்தான். "அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது" என்பது பாதிக் கட்டத்தைத் தின்னும். "எனக்கென்னகா தெரியும்" ஒரு மூலையில் அடங்கும். ஆளையும் காட்டும்.

தம்பிப்பிள்ளையோடு எப்போதும் தோணி வலிக்கிற ஒருவர் வருவார், காத்தான்குடி இஸ்மாயில் காக்கா. "காக்கா, தோணியைக் கொஞ்சம் கிண்ணைப் பக்கம் விடுங்க" என்று தபால்காரர் சொல்லுவார். "நீ சொன்னாச் சரி தம்பி, ஆனா சேத்துல இறங்கப் போறது ஆரு?" என்பார் அவர். டெஸ்மண்டைப் போல வேலையாள் அல்ல, கூட்டாளி. பாதி வழக்கை அவர்தான் தீர்க்கிறார். இந்த வாவியில் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு சமூகமும் சேர்ந்தே தோணி வலித்தது. அது இல்லாமல் 1962ஐக் கீறினால் அது பொய்யாகப் போயிருக்கும்.

ஏன் 1962 என்றும் கேட்கிறார்கள். அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. 1956 தனிச் சிங்களச் சட்டமும் வந்து, 1958 இனக் கலவரமும் நடந்து முடிந்திருந்த காலம். ஆனால் ஒரு மனிதர் அடையாள அட்டை காட்டாமல் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய், ஒரு கேள்வி கேட்டு, பதிலோடு பொழுதுபடத் திரும்பி வரலாம். பிறகு வந்த வருடங்களில் இந்தத் துறைகளில் சோதனைச் சாவடிகள் இருந்தன. எத்தனையோ வீட்டில் ஆள் காணாமற் போய், யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். ஊருக்குள் ஒரு தோணி காணாமற் போனால் ஒரு தபால்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்புகிறார் என்று கீறும்போது என் கை எதை நினைத்துக் கீறுகிறது என்பது எங்கள் ஊர் வாசகர்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன்.

பழைய பொருட்களைத் தேடுவது கடினமாகவே இருந்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன வீடுகளில் கடதாசி என்ன மிஞ்சும்? பிறகு போர், பிறகு 2004 ஆழிப்பேரலை. மாமாவின் தகரப் பெட்டியும் போய்விட்டது. உதவியது நூலகம் இணையத்தளம். அவர்கள் மின்னாக்கம் செய்து வைத்துள்ள பழைய ஈழத்துப் பத்திரிகைகளிலிருந்துதான் அக்காலத்து விளம்பரங்களின் எழுத்து, சட்டைக் கழுத்து, சைக்கிள் விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக் கீறினேன்.

வாசிகசாலையில் இன்னும் காலையில் பேப்பர் வாசிக்க வருகிற கூட்டம் ஒன்று உண்டு. பத்திரிகை விரித்து வைக்கிற மேசைக்கு மேலே தினம் ஒரு துண்டை ஒட்டிவந்தேன். முழுக் கதையையும் ஒரே புத்தகமாகக் கொடுக்கச் சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டேன். நாளைக்கு என்ன என்று ஓர் இரவு முழுக்க யோசிக்க விடுவதுதான் இந்த வடிவத்தின் உயிர். அந்த இரவில்தான் வாசகர் கச்சானையும் வெயிலையும் பற்றி யோசிப்பார். கைபேசியில் அனுப்பச் சொன்ன வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் நாளுக்கொன்றாகத்தான் போனது. கனடாவிலிருந்து அத்தை ஒருவர், தில்லைத் துண்டு வந்த அன்று தொலைபேசியில் கூப்பிட்டுத் தன் தம்பிக்குக் கண் வீங்கிய கதையைச் சொன்னார்.

இப்போது இரண்டாவது வழக்குக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1961 ஏப்ரலில், சத்தியாக்கிரகத்தின்போது, தமிழரசுக் கட்சி சொந்தமாகத் தபால் சேவை தொடங்கி முத்திரை வெளியிட்டது. அரசு அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து அதை நிறுத்தியது. ஒரு வருடம் கழித்து, தம்பிப்பிள்ளையின் பையில் அந்த முத்திரை ஒட்டிய ஒரு கடிதம் கிடக்கிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. அவர் அரசாங்க உத்தியோகத்தர். அந்தக் கடிதத்தை அவர் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

இதைக் கீற எனக்கு அந்த முத்திரையைக் கண்ணால் பார்க்கவேண்டும். அளவு, நிறம், விளிம்பில் துளை எப்படி, பின்னால் பசை எப்படி என்பதெல்லாம். பழைய கடித உறை வைத்திருக்கிற வீடுகள் இன்னும் இருக்கும். அக்காலத்தில் தபால் கந்தோரில் வேலை செய்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பையின் வார் எந்தத் தோளில் விழும், பாதையில் சைக்கிளை ஏற்றினால் தனிக் காசா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். முதல் வாரத்தின் ஆறு துண்டுக்கும் பென்சில் போட்டுவிட்டேன். உறையின் மூலையில் முத்திரை வரவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.